சிம் போட்ட வீட்டு இணையம்: இரண்டு கம்பெனிகளை எப்படி ஒப்பிடுவது?

கேபிள் இழுக்காமல், செல்போன் டவரிலிருந்தே வீட்டுக்கு இணையம் தரும் சேவை இப்போது பெரிய தொலைத்தொடர்பு கம்பெனிகள் பலவற்றிடமும் இருக்கிறது. ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சிம், பிளக்கில் சொருகினால் வேலை முடிந்தது. இதில் எந்த கம்பெனி நல்லது என்று கேட்டுப் பாருங்கள், வரும் பதில்கள் குழப்பத்தைத்தான் கூட்டும். ஒருவர் நானூறு எம்பிபிஎஸ் வருகிறது, அருமை என்பார். அதே கம்பெனி, அதே பிளான், இன்னொருவர் ராத்திரி எட்டு மணிக்கு மேல் யூடியூப்கூட ஓடவில்லை என்று புலம்புவார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், அதனால்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் அடியிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஃபைபரில் கதை வேறு. ஒரு ஃபைபர் இணைப்பை முப்பத்திரண்டு வீடுகள் போலப் பகிர்ந்துகொண்டாலும் அதன் கொள்ளளவு நொடிக்கு இரண்டரை கிகாபிட். யார் வீட்டுக்கு வந்தாலும் அது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வந்து சேரும். டவர் வழியே வருவது அப்படி இல்லை. ஒரு டவர் பொதுவாக மூன்று திசைகளாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு திசைக்கும் செக்டர் என்று பெயர். உங்கள் வீடு எந்த செக்டருக்குள் வருகிறதோ அந்த செக்டரின் மொத்த வேகத்தை அங்கே இருக்கும் எல்லா போன்களும் எல்லா வீட்டுப் பெட்டிகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆக, இரண்டு கம்பெனிகளை ஒப்பிடுகிறோம் என்று சொன்னாலும் உண்மையில் நாம் ஒப்பிடுவது இரண்டு செக்டர்களை: கூட்டமான நேரத்தில் உங்கள் சுவரைத் தாண்டி வந்து சேரும் மிச்சம் எதில் அதிகம் என்பதை. தேசிய அளவிலான சராசரி வேகப் பட்டியல்கள் இதைச் சொல்லவே சொல்லாது.

சரி, ஒரு செக்டரில் எவ்வளவு வேகம் இருக்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது அலைக்கற்றை, அதாவது கம்பெனி பயன்படுத்த உரிமம் பெற்ற ரேடியோ அலைகள். இதில் கம்பெனிகள் ஒன்றுக்கொன்று ரொம்பவே வேறுபட்டவை. அமெரிக்காவில் வெரைசன் 2018 அக்டோபர் 1 அன்று ஹூஸ்டன், இண்டியானாபொலிஸ், லாஸ் ஏஞ்சலஸ், சாக்ரமெண்டோ ஆகிய நான்கு நகரங்களில் 5ஜி வீட்டு இணையத்தைத் தொடங்கியபோது நம்பியது 28 கிகாஹெர்ட்ஸ் அலைகளை. மில்லிமீட்டர் அலை என்று சொல்கிறார்களே, அதுதான். வேகம் பிரமாதம், ஆனால் ஒரு மரம் குறுக்கே நின்றால் போச்சு, சுவரைத் தாண்டுவது பெரும்பாடு. அதனால் டவருக்கு மிக அருகில் இருந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. அங்கேயே இன்னொரு கம்பெனியான டி-மொபைல் வேறு வழியில் போனது. 2020இல் ஸ்பிரிண்ட் கம்பெனி அதோடு இணைந்தபோது ஏராளமான 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை கைக்கு வந்தது, அதை வைத்து 2021இல் நாடு முழுவதும் வீட்டு இணையத்தை விற்க ஆரம்பித்தது. உச்ச வேகம் மில்லிமீட்டர் அலை அளவுக்கு இல்லை, ஆனால் எட்டிய வீடுகள் அதிகம். வெரைசனும் பிறகு இதுபோன்ற நடுத்தர அலைவரிசைக்கு வந்து சேர்ந்தது.

இந்தியாவில் ஏர்டெல் 2023 ஆகஸ்டிலும் ஜியோ அதே ஆண்டு செப்டம்பரிலும் இறங்கின. 2022 ஏலத்தில் இரண்டுமே 3.3 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நூறு மெகாஹெர்ட்ஸ் அகலம் வாங்கின, 26 கிகாஹெர்ட்ஸும் வாங்கின. காகிதத்தில் சரிசமம்தான். ஆனால் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஜியோ வாங்கியது, ஏர்டெல் வாங்கவில்லை. ஜியோ ஆரம்பத்திலிருந்தே தனித்து இயங்கும் 5ஜி வலையமைப்பைக் கட்டியது, ஏர்டெலோ தொடக்கத்தில் 4ஜி-யின் முதுகில் ஏறி ஓடும் 5ஜி-யைத் தேர்ந்தெடுத்தது.

இந்த வேறுபாடு வாடிக்கையாளருக்கு எதற்கு என்று தோன்றலாம். 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை வெகுதூரம் போகும், சுவருக்குள் நன்றாக நுழையும். ஆனால் அதில் ஒரு கம்பெனியிடம் இருக்கும் அகலம் பத்து, இருபது மெகாஹெர்ட்ஸ்தான். நடுத்தர அலைவரிசையில் நூறு மெகாஹெர்ட்ஸ், மில்லிமீட்டர் அலையில் ஒரே துண்டு நானூறு மெகாஹெர்ட்ஸ் வரைகூட இருக்கலாம். அகலம் குறைந்தால் பங்கு போடுவதற்கு இருப்பதும் குறைவு. பெட்டியின் முகப்பில் 5ஜி என்று விளக்கு எரியும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள், உள்ளே அது பத்து மெகாஹெர்ட்ஸ் அலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எனவே எந்த கம்பெனியாக இருந்தாலும் உங்கள் வீட்டில் எந்த பேண்ட், அதாவது எந்த அலைவரிசை கிடைக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் என்78, என்41 என்று இருந்தால் நடுத்தர அலைவரிசை. என்28, என்71 என்று இருந்தால் தாழ்ந்தது. என்258, என்260, என்261 எல்லாம் மில்லிமீட்டர் அலை.

அந்த செட்டிங்ஸ் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதைத் திறப்பதே இல்லை. பெட்டியின் வைஃபையில் இணைந்து பிரவுசரில் அதன் முகவரியைத் தட்டினால் (பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்) சிக்னல் விவரம் என்று ஒரு பகுதி வரும், சில பெட்டிகளுக்கு அது கம்பெனியின் ஆப்பில் இருக்கும். அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று ஆர்எஸ்ஆர்பி, அதாவது டவரின் சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பது. மைனஸ் 80 நல்லது, மைனஸ் 100 சுமார், மைனஸ் 110-ஐத் தாண்டினால் கஷ்டம். இன்னொன்று எஸ்ஐஎன்ஆர், அதாவது சுற்றியுள்ள இரைச்சலோடு ஒப்பிட்டால் அந்தச் சத்தம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது. 20-க்கு மேல் அருமை, ஐந்துக்குக் கீழே போனால் தடுமாற்றம். பெட்டியின் மேல் தெரியும் கோடுகள் பெரும்பாலும் முதல் எண்ணை வைத்துத்தான் ஏறி இறங்கும். வேகத்தைத் தீர்மானிப்பதில் பல சமயம் இரண்டாவது எண்ணுக்குத்தான் அதிகப் பங்கு.

இப்படி வைத்துக்கொள்வோம். தெருவைப் பார்த்த ஜன்னலில் பெட்டியை வைத்தால் மைனஸ் 84, நான்கு கோடுகள், ஆனால் எஸ்ஐஎன்ஆர் 4. காரணம், அந்த ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று டவர்கள் ஒரே சமயத்தில் காதில் விழுகின்றன, ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்கு இரைச்சல். அதே பெட்டியைப் பின்பக்க அறைக்குக் கொண்டுபோனால் மைனஸ் 96, கோடு இரண்டாகக் குறைகிறது, ஆனால் எஸ்ஐஎன்ஆர் 18. மற்ற டவர்களைக் கட்டிடமே மறைத்துவிட்டது. இந்த இரண்டாவது இடத்தில்தான் வேகம் நன்றாக வரும். கோடுகளை மட்டும் நம்பி முதல் இடத்திலேயே விட்டவர் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார். வீட்டுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, யாரோ ஒருவர் வேறு ஊரிலிருந்து போட்ட ஸ்பீட் டெஸ்ட் படத்தை வைத்து எதை முடிவு செய்வது?

சுவரும் கண்ணாடியும் செய்யும் சேதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெசிபல் கணக்கில் மூன்று குறைந்தால் சக்தி பாதியாகிறது, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, இருபது குறைந்தால் நூறில் ஒரு பங்கு. வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய நவீன ஜன்னல் கண்ணாடி இருபது, முப்பது டெசிபல் வரைகூட விழுங்கிவிடும். பார்த்தால் வெறும் கண்ணாடி, ரேடியோ அலைக்கு அது கிட்டத்தட்ட தகரம். இதனால்தான் வெளியே, மொட்டைமாடியிலோ சுவரிலோ பொருத்தும் ஆன்டெனாவோடு வரும் சேவையையும், மேஜையில் வைக்கும் பெட்டியோடு வரும் சேவையையும் நான் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க மாட்டேன். ஒரு கம்பெனி ஆள் அனுப்பி வெளிப்புற ஆன்டெனா போட்டுத் தருகிறது, இன்னொன்று பெட்டியை கூரியரில் அனுப்பி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது என்றால், மற்ற எல்லாம் சமமாக இருக்கும்போது முதல் கம்பெனியின் பக்கம்தான் என் ஓட்டு. டவரில் எந்த மாற்றமும் செய்யாமல் பெட்டியை வெளியே நகர்த்துவதாலேயே கிடைக்கும் லாபம், பல வீடுகளில் கம்பெனியை மாற்றுவதால் கிடைப்பதைவிட அதிகமாக இருக்கலாம்.

அப்லோடுக்கு இது இன்னும் முக்கியம். டவரிலிருந்து வரும் அலை பல பத்து வாட், சில இடங்களில் நூறு வாட்டுக்கும் மேல் சக்தியோடு கிளம்புகிறது. உங்கள் பெட்டி திருப்பி அனுப்புவது சாதாரணமாக ஐந்தில் ஒரு வாட். அதுவும் அதே கண்ணாடியையும் சுவரையும் தாண்டிப் போக வேண்டும். போதாக்குறைக்கு, நடுத்தர 5ஜி அலைவரிசையில் டவுன்லோடும் அப்லோடும் ஒரே அலையை நேரம் பிரித்துப் பயன்படுத்துகின்றன. ஏறக்குறைய முக்கால் பங்கு நேரம் டவுன்லோடுக்கே ஒதுக்கப்படுகிறது. விளம்பரத்தில் டவுன்லோடு எண் பெரிதாகவும் அப்லோடு எண் இல்லாமலேயும் இருப்பதற்கு இதுதான் பின்னணி. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், வீடியோ எடிட் செய்து ஏற்றுபவர், சிசிடிவி காட்சியை கிளவுடில் சேமிப்பவர் எல்லாரும் அப்லோடு எண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது வரிசை. டவரில் நெருக்கடி இல்லாதபோது எல்லாருக்கும் கேட்டது கிடைக்கும். நெருக்கடி வந்தால் யாருக்கு முதலில் என்பதை வலையமைப்பு முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கும், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முன்னுரிமை வகுப்பு உண்டு. வீட்டு இணைப்பை போன் வாடிக்கையாளர்களுக்குப் பின்னால் நிறுத்துவது கம்பெனிகள் செய்யும் வழக்கம்தான். டி-மொபைல் இதைத் தன் விதிமுறைகளில் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. தப்பு என்று சொல்ல முடியாது. ஒரு வீடு மாதம் பல நூறு ஜிபி இழுக்கும், போன் அதில் சிறு பங்குதான். ஆனால் வாங்குபவருக்கு இது தெரிய வேண்டும். உங்கள் போனில் அதே கம்பெனி சிம் போட்டு ஸ்பீட் டெஸ்ட் எடுத்து, வீட்டு இணையமும் இப்படித்தான் வரும் என்று முடிவு செய்தால் ஏமாற்றம்தான், போன் வரிசையில் முன்னால் நிற்கிறது. போனை வைத்து எந்த பேண்ட் கிடைக்கிறது என்று பார்க்கலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

தனித்து இயங்கும் 5ஜி வலையமைப்பில் இதற்கு இன்னொரு வழி உண்டு. டவரின் கொள்ளளவில் ஒரு பகுதியை வீட்டு இணையத்துக்கென்று தனியே வெட்டி வைக்கலாம், ஸ்லைசிங் என்பது இதுதான். 4ஜி-யின் துணையோடு ஓடும் 5ஜி-யில் இதைச் செய்ய முடியாது. ஒழுங்காகச் செய்தால் கூட்டமான மாலை நேரத்திலும் வீட்டு இணைப்புக்கு ஒரு குறைந்தபட்சம் உறுதியாகும். அதற்காக ஸ்லைசிங் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுக்க நான் சொல்ல மாட்டேன், எவ்வளவு பெரிய துண்டு வெட்டப்பட்டிருக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை.

இதோடு சேர்ந்த ஒன்று, பலரைக் கோபப்படுத்துவது. பக்கத்து வீட்டில் இணைப்பு இருக்கும், நீங்கள் கேட்டால் உங்கள் முகவரிக்குச் சேவை இல்லை என்பார்கள். பல சமயம் சிக்னல் நன்றாகவே இருக்கும், அந்த செக்டரில் இனி இடமில்லை என்று கம்பெனி கதவை மூடியிருக்கும். மறுக்கப்பட்டவருக்கு எரிச்சல்தான், ஆனால் அப்படி மறுக்கும் கம்பெனியை நான் ஒருபடி மேலே வைக்கிறேன். அது உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் தயங்காமல் பெட்டியைக் கொடுத்துக்கொண்டே போகும் கம்பெனியிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அன்லிமிடெட் என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏர்ஃபைபர் என்ற பெயரில் ஜியோ, ஏர்டெல் இரண்டும் விற்கும் வீட்டு இணையம் மாதம் 1 டிபி (ஆயிரம் ஜிபி) என்ற எல்லையோடுதான் அறிமுகமானது, அதைத் தாண்டினால் வேகம் விழும். டி-மொபைல் 1.2 டிபி-யைத் தாண்டுபவரை நெருக்கடி நேரத்தில் வரிசையின் பின்னுக்குத் தள்ளும். இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள்: முதல் வகையில் எல்லை தாண்டினால் நள்ளிரவிலும் மெதுவாகத்தான் ஓடும், இரண்டாவது வகையில் கூட்டம் இல்லாத நேரத்தில் எதுவும் தெரியாது. 1 டிபி போதுமா? 4கே வீடியோ மணிக்கு 7 ஜிபி வரை இழுக்கும். அப்படியானால் 1 டிபி என்பது நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவான 4கே. ஒரே டிவி உள்ள வீட்டுக்குப் போதும். இரண்டு டிவி, நூறு ஜிபி கேம்களை இறக்கும் பையன் ஒருவன் இருக்கும் வீட்டில் இருபதாம் தேதி வாக்கில் பிரச்சினை ஆரம்பிக்கும். விதிமுறையில் எல்லையைத் தாண்டிய பிறகு எத்தனை எம்பிபிஎஸ் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

பெயரை வைத்தும் ஏமாறாதீர்கள். ஏர்ஃபைபர் என்று ஜியோ விற்பதில் ஒரு பகுதி 5ஜி-யே அல்ல, உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் டவருக்கும் வீட்டுக்கும் நேராக இணைப்புப் போடும் தொழில்நுட்பம், யூபிஆர் என்பார்கள். அது மோசம் என்று சொல்லவில்லை, நேர்கோட்டில் மறைப்பு இல்லையென்றால் நன்றாகவே ஓடும். ஆனால் ஒரே பெயரில் இரண்டு வகை இணைப்பு இருக்கும்போது, அந்தப் பெயருக்கு இணையத்தில் கிடைக்கும் விமர்சனம் எதைப் பற்றியது என்று தெரியாது. பொருத்த வருபவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

தாமதம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சும்மா இருக்கும்போது பிங், அதாவது ஒரு தகவல் போய்த் திரும்பும் நேரம், முப்பது, நாற்பது மில்லி நொடி என்று காட்டும், சமாளிக்கலாம். ஆனால் வீட்டில் ஒருவர் பெரிய ஃபைலை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அதே பிங் பல நூறு மில்லி நொடிக்கு எகிறுவது டவர் வழி இணைப்புகளில் சகஜம். அனுப்ப வேண்டியதெல்லாம் பெட்டியின் நினைவகத்தில் வரிசையில் குவிந்து நிற்பதால் வரும் கோளாறு இது. வேகம் நூறு எம்பிபிஎஸ் காட்டியும் வீடியோ அழைப்பில் குரல் வெட்டி வெட்டி வருவதற்கு பல சமயம் இதுதான் காரணமாக இருக்கும். கிளவுட்ஃப்ளேரின் ஸ்பீட் டெஸ்ட் போன்றவை சுமை இருக்கும்போது தாமதம் எவ்வளவு என்று தனியாகக் காட்டும். என்னைப் பொறுத்தவரை ஒப்பிடுவதற்கு இந்த எண் உச்ச வேகத்தைவிடப் பயனுள்ளது.

இன்னொன்று ஐபி முகவரி, இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண். பழைய முறையான ஐபிவி4 முகவரிகளின் உலகளாவிய மையக் கையிருப்பு 2011இலேயே தீர்ந்துபோனதால், மொபைல் கம்பெனிகள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. பெட்டியின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர். படம் பார்க்க, பிரவுஸ் செய்ய இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. வெளியிலிருந்து வீட்டு கேமராவின் பதிவுப் பெட்டிக்கு நேரடியாக உள்ளே வர வேண்டும், வீட்டில் ஒரு சர்வர் ஓட வேண்டும், சில கேம்களை நடத்த வேண்டும் என்றால் அடைப்பாகிவிடும். தட்டுப்பாடு இல்லாத புதிய முறையான ஐபிவி6 முகவரியை ஒழுங்காகத் தரும் கம்பெனியா, தனி முகவரி கேட்டால் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

அப்புறம், சோதிக்கும் முறை. திருப்பிக் கொடுக்கும் அவகாசம் இருந்தால் இரண்டு கம்பெனியின் பெட்டியையும் ஒரே வாரத்தில் வாங்கி, ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள், முடியாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக. வைஃபையில் அளக்காதீர்கள், லேன் கேபிள் போட்டு அளங்கள், இல்லையென்றால் உங்கள் வீட்டு வைஃபையைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். காலை பத்து மணிக்கு எடுத்த எண்ணை ஓரமாக வையுங்கள், இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை, அதிலும் வார இறுதியில் எடுத்ததுதான் கணக்கு. ஸ்பீட் டெஸ்ட் சர்வர் சில சமயம் அந்த கம்பெனியின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும், அங்கே எண் அழகாக வரும்; எனவே வெளியே இருக்கும் சர்வரையும் தேர்ந்தெடுத்து ஒருமுறை பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம் தன் சொந்த சர்வர்களிலிருந்தே அளப்பதால், நிஜமாகப் படம் பார்க்கும்போது கிடைப்பதற்கு அது நெருக்கமாக இருக்கும். சோதனை முடியும்வரை பழைய இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலும், செக்டர் அப்படியே இருக்காது. புதிய வீடுகள் சேரும், அதே டவரில் போன்கள் கூடும், டவருக்கு வரும் பின்னணி இணைப்பு மைக்ரோவேவ் ரேடியோ அலையாக இருந்து ஃபைபராக மாறினால் நிலைமை மேம்படவும் செய்யும். அதனால் ஒரு வருட, இரண்டு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று வந்தால் எனக்குத் தயக்கம்தான். கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் மாதச் சந்தா, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் முழுதாகத் திரும்பும் என்ற விதி, இந்த இரண்டும் இருக்கும் கம்பெனியைத்தான் பார்ப்பேன். வீடு மாறும் எண்ணம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: பல கம்பெனிகள் பெட்டியைப் பதிவு செய்த முகவரியோடு கட்டிப்போடுகின்றன, புது வீட்டின் செக்டரில் இடமில்லை என்றால் உங்கள் இணைப்பு அங்கே வேலை செய்யாது.